கச்சேரி படம் எடுக்க கேமரா மாத்தப் போறீங்களா? காசு போடுறதுக்கு முன்னாடி தவிர்க்க வேண்டிய தப்புகள்

பாடுறவர் கண்ணை மூடி மைக்கை இறுக்கிப் பிடிச்சு உச்சத்துல நிப்பாரு, நீங்களும் சரியா அந்த நேரத்துல கிளிக் பண்ணியிருப்பீங்க, வீட்டுக்கு வந்து பெரிய ஸ்கிரீன்ல திறந்தா முகம் பூரா மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும், கை இருந்த இடத்துல வெறும் புகை மாதிரி ஒரு தீற்றல். உடனே மனசுல தோணுறது ஒண்ணுதான், இந்த கேமராவால இதுக்கு மேல முடியாது, பெரிய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) வாங்கிடலாம். எத்தனையோ பேர் அப்படியே வாங்கி, கேமராவோடவே வந்த பழைய கிட் லென்ஸ் மாதிரியே வெளிச்சம் கம்மியா விடுற இன்னொரு மெதுவான ஸூமை அதுல மாட்டி, அதே மாதிரி படத்தோட திரும்பி வர்றதைப் பாத்திருக்கேன். ரொம்ப கஷ்டமா இருக்கும், ஏன்னா அந்தக் காசுல பாதி கூட ஆகாம விஷயம் முடிஞ்சிருக்கும்.

முதல் தப்பே படம் எதனால கெட்டுச்சுன்னு பாக்காம கடைக்குப் போறதுதான். உங்ககிட்ட இருக்குற மோசமான படம் ஒரு இருபது எடுத்து நூறு சதவீதம் ஸூம் பண்ணி பொறுமையா பாருங்க. மைக் ஸ்டாண்ட், ஸ்பீக்கர் எல்லாம் கத்தி மாதிரி ஷார்ப்பா இருந்து ஆளோட கை மட்டும் கலைஞ்சிருந்தா ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஷட்டர் திறந்து மூடுற வேகம், பத்தலைன்னு அர்த்தம். ஸ்டாண்ட் உட்பட எல்லாமே ஒரே திசையில இழுத்துக்கிட்டு இருந்தா உங்க கை ஆடியிருக்கு. மைக்கோட கம்பி வலை ஒவ்வொரு கண்ணியும் தெரியுது, ஆனா கண்ணு மங்கலா இருக்குன்னா அது ஃபோகஸ் பிரச்சனை. எல்லாம் ஷார்ப்பாதான் இருக்கு, புள்ளி மட்டும் ஜாஸ்தின்னா அதுதான் நாய்ஸ். இந்த நாலுக்கும் மருந்து வேற வேற. நாய்ஸை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு பாடி வாங்குறவங்க படத்துல பெரும்பாலும் உண்மையான வியாதி முதல்ல சொன்னதாத்தான் இருக்கும்.

அடுத்து லென்ஸ் கணக்கு, இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க, மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு. என்ட்ரி லெவல் கேமராவோட வர்ற 18-55 எம்எம் ஸூம் லென்ஸ்ல எஃப் 3.5-5.6னு போட்டிருக்கும், இந்த எஃப் எண் சின்னதா ஆக ஆக லென்ஸ் வாய் பெருசா திறந்து வெளிச்சம் அதிகமா உள்ள வரும். 18ல வெச்சா 3.5 கிடைக்கும், ஆனா கச்சேரியில யாரு 18ல எடுப்பா, முகம் வேணும்னு 55க்கு இழுத்த உடனே 5.6 ஆயிடும். இப்ப அதுக்குப் பதிலா 50 எம்எம் எஃப் 1.8 மாட்டுறீங்கன்னு வைங்க, எந்தக் கம்பெனி கேமராவா இருந்தாலும் பெரும்பாலும் இருக்குறதுலயே விலை குறைஞ்ச லென்ஸ்கள்ல இதுவும் ஒண்ணு. 5.6க்கும் 1.8க்கும் நடுவுல மூணே கால் ஸ்டாப்புக்கு மேல வித்தியாசம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். முன்னாடி ஐஎஸ்ஓ (கிடைச்ச வெளிச்சத்தை கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கற அமைப்பு) 6400, ஷட்டர் 1/60 செகண்டுன்னு தடுமாறிக்கிட்டு இருந்த அதே மேடையில இப்ப 1/200 வெச்சாலும் ஐஎஸ்ஓ 2000 பக்கம் போதும். கையும் உறையும், புள்ளியும் குறையும், ரெண்டுமே ஒரே லென்ஸ்ல.

இதை ஃபுல் ஃப்ரேம் பாடியோட ஒப்பிட்டுப் பாருங்க. என்ட்ரி லெவல் கேமராவுல இருக்குற ஏபிஎஸ்-சிங்கற சின்ன சென்சாரை (படத்தைப் பதியுற சில்லு) விட ஃபுல் ஃப்ரேம் சென்சார் பரப்பளவுல ரெண்டே கால்ல இருந்து 2.6 மடங்கு வரை பெருசு, அதனால கிடைக்குற லாபம் சுமாரா ஒண்ணே கால் ஸ்டாப். நல்ல லாபம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதோட எஃப் 4 ஸூம் ஒண்ணை வாங்கி மாட்டினீங்கன்னா, 1.8க்கும் 4க்கும் நடுவுல ரெண்டு ஸ்டாப்புக்கு மேல இழந்துடுறீங்க. அதாவது பழைய கேமராவுல 1.8 போட்டு எடுக்குறவன் படம் உங்களோடதை விட சுத்தமா வரும். இதைச் சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டேங்குறாங்க, கணக்கு போட்டுப் பாருங்க.

லென்ஸ்தான் முதல்ல சரின்னு ஆன பிறகும் ஒரு தப்பு நடக்குது, எல்லாரும் சொல்றாங்கன்னு கண்ணை மூடிட்டு 50 வாங்குறது. நீங்க எங்க நின்னு எடுக்குறீங்க? மேடைக்கு முன்னாடி தடுப்புக்குப் பக்கத்துல நிக்க விட்டா 35, 50 அருமை. கூட்டத்துக்கு நடுவுல, பின்னாடின்னா 85 எஃப் 1.8 தேவைப்படும், இன்னும் தூரம்னா 70-200 எஃப் 2.8 மாதிரி கனமான ஆளு. உங்க பழைய படங்களோட விவரத்துலயே எத்தனை எம்எம்ல எடுத்ததுன்னு பதிவாகியிருக்கும், அதைப் பாத்தாலே தெரிஞ்சுடும், முக்கால்வாசி படம் 55ல முட்டிக்கிட்டு நின்னிருந்தா உங்களுக்கு 85தான். ஏபிஎஸ்-சில 200 எம்எம் லென்ஸ் 300 மாதிரி நெருக்கமா காட்டும்ங்கறதையும் மறக்காதீங்க, ஃபுல் ஃப்ரேம் போனா அந்த நெருக்கம் போயிடும், அப்புறம் அதுக்குன்னு இன்னும் நீளமான லென்ஸ் தேட வேண்டியிருக்கும்.

மாட்டுமா மாட்டாதான்னு பாக்காம வாங்குறதும் சாதாரணமா நடக்குது. நிக்கான் டி3000, டி5000 வரிசை கேமராக்கள்ல பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது, பழைய ஏஎஃப்-டி வகை 50 எம்எம் மலிவா கிடைக்குதேன்னு வாங்கினா அது மாட்டும், படமும் எடுக்கும், ஆனா கையாலதான் ஃபோகஸ் பண்ணணும், இருட்டுல அது ரொம்பக் கஷ்டம். ஏஎஃப்-எஸ்னு போட்டிருக்கறதைப் பாத்து வாங்கணும். கேனன்ல இஎஃப்-எஸ் லென்ஸ் அவங்க ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர்ல மாட்டவே மாட்டாது. நாளைக்கு பாடி மாத்துற எண்ணம் இருந்தா இன்னைக்கு வாங்குற லென்ஸ் அங்கயும் வருமான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

ஸ்டெபிலைசேஷன் விஷயத்துல ஏமாறாதவங்க கம்மி. நாலு ஸ்டாப், அஞ்சு ஸ்டாப்னு பெட்டியில போட்டிருக்கும், அது உண்மைதான், ஆனா அது நிறுத்துறது உங்க கை ஆட்டத்தை, மேடையில இருக்குறவர் ஆட்டத்தை இல்ல. 1/15ல எடுத்தா மைக் ஸ்டாண்ட் சிலை மாதிரி நிக்கும், பாடுறவர் ஆவி மாதிரி இருப்பாரு. நின்ன இடத்துல பாடுறவருக்கு 1/125 அளவுக்காவது வேணும், துள்ளுறவங்களுக்கு 1/250 தாண்டணும், டிரம்மருக்கு 1/500 வெச்சாலும் குச்சி நுனி லேசா கலைஞ்சுதான் வரும், அது பாக்கவும் நல்லாதான் இருக்கும். ஸ்டெபிலைசேஷனுக்காக மட்டும் அதிகக் காசு கொடுக்குறதை விட அதே காசுக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் அதிகமா விடுற லென்ஸ் கிடைக்குமான்னு பாருங்க.

வெளிச்சம் நிறைய விடுற லென்ஸ் கைக்கு வந்ததும் வேற ஒரு சிக்கல் ஆரம்பிக்கும், இதை யாரும் முன்னாடியே சொல்றது இல்ல. ஏபிஎஸ்-சில 85 எம்எம், எஃப் 1.8, ஆள் மூணு மீட்டர் தூரத்துலன்னா ஃபோகஸ்ல இருக்குற ஆழம் மொத்தமே 9 செ.மீ பக்கம்தான். மைக் உதட்டை ஒட்டி இருக்கு, கண்ணு அதுக்குப் பின்னாடி, கேமரா தானா பாயிண்ட் தேர்ந்தெடுக்க விட்டா பளபளன்னு இருக்குற மைக் வலையைத்தான் போய்ப் பிடிக்கும். அதனால ஒரே ஒரு பாயிண்ட் வெச்சு கண்ணு மேல வைங்க, பழைய டிஎஸ்எல்ஆர்கள்ல நடு பாயிண்ட்தான் இருட்டுல நம்பகமா வேலை செய்யும். நேருக்கு நேரா நிக்காம கொஞ்சம் பக்கவாட்டுல நகர்ந்தா மைக் வாயை மறைக்கிறதும் குறையும். வெளிச்சம் கொஞ்சம் கூடுன நேரத்துல எஃப் எண்ணை 2.2, 2.5னு ஏத்திக்கிட்டா ஃபோகஸ் தப்புறது நல்லாவே குறையும்.

ஐஎஸ்ஓவைப் பாத்து பயப்படுறதும் அப்படித்தான். 1600க்கு மேல போகவே மாட்டேன்னு பிடிவாதமா எடுத்துட்டு, அப்புறம் சாஃப்ட்வேர்ல வெளிச்சத்தை ரெண்டு ஸ்டாப் தூக்குவாங்க, கறுப்பு இடமெல்லாம் கோடு கோடா நாறிப்போகும். நிறைய என்ட்ரி லெவல் கேமராக்கள்ல குறைஞ்ச ஐஎஸ்ஓல இருட்டா எடுத்து தூக்குறதை விட, எடுக்கும்போதே 6400 வெச்சு சரியான எக்ஸ்போஷர்ல (வெளிச்ச அளவுல) எடுக்குறது சுத்தமா வரும். கூடவே ரா ஃபைல்ல, அதாவது சென்சார் பதிஞ்சதை அப்படியே வெக்கிற ஃபைல்ல எடுங்க. 2020ல டிஎக்ஸ்ஓ கம்பெனியோட நாய்ஸ் குறைக்கிற டீப்பிரைம் வந்துச்சு, 2023ல அடோபி லைட்ரூம்லயும் ஏஐ டினாய்ஸ் வந்துடுச்சு, அதுல போட்டா அஞ்சாறு வருஷம் பழைய படம் கூட நம்ப முடியாத அளவுக்குத் தேறுது. நாய்ஸ் இருக்குற படத்தைக் காப்பாத்தலாம், கலைஞ்சு போன முகத்தை எந்த சாஃப்ட்வேராலயும் நேர்மையா மீட்க முடியாது, அதனால ரெண்டுல ஒண்ணை விட்டுக்கொடுக்கணும்னா ஐஎஸ்ஓவை ஏத்துங்க, ஷட்டரை இறக்காதீங்க.

சில கோளாறு கேமரா மாத்தினாலும் போகாது, அதுக்குன்னு காசு போடாதீங்க. பின்னாடி பூரா கறுப்பா இருக்குற மேடையை ஆட்டோ எக்ஸ்போஷர் இருட்டுன்னு நினைச்சு தூக்கி அடிக்கும், முகம் வெள்ளைத் தட்டாயிடும். மேனுவல் மோட்ல முகத்துக்கு ஒரு தடவை அளந்து வெச்சுக்கிட்டு வெளிச்சம் மாறும்போது மட்டும் கொஞ்சம் மாத்திக்கோங்க. எல்இடி சிவப்பு இன்னொரு தலைவலி, சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிஞ்சு முகத்துல மூக்கு, கன்னம் எதுவுமே இல்லாம ஒரே தக்காளி மாதிரி ஆயிடும், சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்துல வெளிச்சம் எப்படிப் பரவியிருக்குன்னு காட்டுற வரைபடம்) பாத்தா சரியாத்தான் காட்டும். மூணு நிறமும் தனித்தனியா காட்டுற ஹிஸ்டோகிராமைப் பாத்து எக்ஸ்போஷரைக் குறைங்க, இல்லைன்னா காத்திருங்க, ஒரு பாட்டுக்குள்ள எப்படியும் வெள்ளையோ மஞ்சளோ ஒரு தடவை வந்து போகும், அந்த ரெண்டு செகண்டுக்குத் தயாரா இருங்க.

புதுசா மிரர்லெஸ் கேமரா (உள்ள கண்ணாடி இல்லாத வகை) வாங்குறவங்க சத்தம் வராதேன்னு சைலன்ட் மோட்ல, அதாவது எலக்ட்ரானிக் ஷட்டர்ல எடுப்பாங்க. எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்துல அணைஞ்சு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், எலக்ட்ரானிக் ஷட்டர் பெரும்பாலான கேமராக்கள்ல மேல இருந்து கீழ மெதுவா படிச்சுக்கிட்டு வரும், ரெண்டும் சேர்ந்து படம் பூரா பட்டை பட்டையா விழும். அதை அப்புறம் எடுக்கவே முடியாது. ஆன்ட்டி ஃப்ளிக்கர் இருக்கேன்னு நினைக்காதீங்க, சாதாரண ஆன்ட்டி ஃப்ளிக்கர் பிடிக்கிறது 100, 120 ஹெர்ட்ஸ் துடிப்பை, மேடை எல்இடி அதை விட ரொம்ப வேகமா துடிக்கும். கச்சேரி சத்தத்துல உங்க ஷட்டர் சத்தம் யாருக்கும் கேக்காது, மெக்கானிக்கல்லயே எடுங்க.

ஃப்ளாஷ் வாங்கவே வாங்காதீங்க. நிறைய இடத்துல முதல் மூணு பாட்டு மட்டும்தான், ஃப்ளாஷ் கூடாதுன்னுதான் அனுமதியே கொடுப்பாங்க, அதோட அது மேடை வெளிச்சத்தோட நிறத்தையே கொன்னுடும். ஃபோகஸுக்கு உதவுறேன்னு முன்னாடி ஒரு சின்ன விளக்கு எரியும் பாருங்க, அதையும் மெனுவுல போய் அணைச்சிடுங்க, பாடுறவர் கண்ணுல அடிக்கும்.

அப்போ பாடி எப்பதான் மாத்துறது? நல்ல லென்ஸ் மாட்டி, மேல சொன்னதெல்லாம் பண்ணி, அதுக்கப்புறமும் கேமரா இருட்டுல ஃபோகஸ் தேடி முன்னாடி பின்னாடி ஓடிக்கிட்டே இருந்தா மாத்துங்க. ரால பத்து படம் எடுத்த உடனே பஃபர் (கேமராவோட தற்காலிக நினைவகம்) நிரம்பி நின்னுடுதுன்னா மாத்துங்க. ஒரே டயல் இருக்குற கேமராவுல அப்பர்ச்சர் (அதே எஃப் எண்) மாத்த இன்னொரு பட்டனை அமுக்கிக்கிட்டே திருப்பணும், வெளிச்சம் நொடிக்கு நொடி மாறுற இடத்துல ரெண்டு டயல் எவ்வளவு நிம்மதின்னு பிடிச்சவங்களுக்குத்தான் தெரியும், அதுவும் நியாயமான காரணம்தான். மெகாபிக்சல் ஜாஸ்தின்னு மட்டும் மாத்தாதீங்க. முடிஞ்சா ஒரு சாயந்திரம் வாடகைக்கோ தெரிஞ்சவங்ககிட்டயோ வாங்கி, உங்க லென்ஸையே அதுல மாட்டி எடுத்துப் பாருங்க, பகல்ல கடை வெளிச்சத்துல சோதிச்சா எல்லா கேமராவும் நல்லாதான் தெரியும். பழசு வாங்குறீங்கன்னா ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கேளுங்க, லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு பூஞ்சை இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு, எல்லாத்துக்கும் காசு ஒதுக்கிட்டு இதை மட்டும் விட்டுடுறாங்க, காதடைப்பான். வேலையிடப் பாதுகாப்பு பத்தி ஆராய்ச்சி பண்ற அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கிற அளவுப்படி 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம்தான் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம். மேடைக்கு முன்னாடி ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கிறவங்களுக்கு 100ங்கறது ரொம்ப சாதாரணம். கேமரா பையில பேட்டரி வைக்கிற அறையிலயே ஒரு ஜோடி போட்டு வெச்சுடுங்க.