ஜிஎம்டி வேறு, லண்டன் வேறு

2025 மார்ச் 31, திங்கள். லண்டன் குழுவின் தினசரி அழைப்பில் போன் காலண்டர் சொன்ன நேரத்துக்குச் சேர்ந்தால் ஆளே இல்லை. ஒரு மணி நேரம் முன்பே தொடங்கி முடிந்துவிட்டதாம். முந்தைய நாள் அங்கே கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது தெரியும். காலண்டர் தானாக மாறியிருக்க வேண்டாமா?

போனில் தானியங்கி நேரத்தை அணைத்துப் போட்டேன். செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். போனின் நேர மண்டலத்தையே மாற்றிப் பார்த்ததில் மற்ற நினைவூட்டல்களும் குழம்பின. மூன்று நாள் வீண்.

கடைசியில் காலண்டரில் அந்த அழைப்பின் பதிவையே திறந்தேன். நவம்பரில் போடும்போது 'லண்டன்' என்று தேர்ந்தெடுக்காமல் 'ஜிஎம்டி' (கிரீன்விச் நேரம்) கொடுத்திருக்கிறேன். குளிர்காலத்தில் இரண்டும் ஒன்றுதான், அதனால் நாலு மாதம் பிசகே தெரியவில்லை. கோடையில் லண்டன் ஒரு மணி முன்னே போகும், ஜிஎம்டி அசையாது. 'லண்டன்' என்று மாற்றினேன். வியாழனன்று சரியாக மணி அடித்தது.