ஹிட்டாச்சியை அப்புறம் கூப்பிடலாம்: பட்டா நிலத்து ஈரநிலங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு, கழுத்தில் பைனாகுலரும் கையில் ஜிபிஎஸ்ஸுமாக ஈரநில வேலைக்கு வரும் பிள்ளைகள் இப்போது நம் குமரி மாவட்டத்தில் கூடியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு வருடமும் இரண்டாம் போக நெல்லான கும்பப்பூ அறுப்பு முடிந்த கையோடு யாராவது ஒருவர் ஃபோன் செய்து, "சார், வேலை ஆரம்பிச்சாச்சு, ஒரு தடவை வந்து பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் எங்கள் காலத்தில் நாங்கள் ஆடிய அதே கூத்து, ஆள் மட்டும் வேறு.

பறவையின் பெயரை மாற்றி எழுதுவது, வரப்பில் வழுக்கி விழுவது, நெருப்பு வெயிலில் தொப்பி இல்லாமல் போவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு பருவம் போனால் தானாகச் சரியாகும். பணமும் நிலமும் ஊர்க்காரர்களின் நம்பிக்கையும் சேர்ந்து போகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ராம்சார் இருக்கிறதே என்ற தைரியம்

2022இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அதிலிருந்து பலருக்கும் ஒரு தெம்பு: சுற்றியிருக்கும் வயல்களும் ஏதோ ஒரு சட்டத்துக்குள் வந்துவிட்டன என்று. வரவில்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளை எடுத்து வரையறையை நிதானமாகப் படியுங்கள். நெல்வயல், பாசனத்துக்கென்று வெட்டிய நீர்நிலை, உப்பளம், மீன் வளர்ப்புக் குட்டை எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத்தான் மற்றவற்றை ஈரநிலம் என்கிறது. நாஞ்சில் நாட்டில் அதற்கப்புறம் என்ன மிச்சம்? களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் நெல்வயலுக்கும் ஈரநிலத்துக்குமென்றே 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம் அப்படி ஒன்று கிடையாது.

ஆகவே பட்டா நிலத்தில் இருக்கும் ஏலாவும் (வயல்வெளி) குட்டையும் நிற்பது உரிமையாளரின் மனதில்தான். வன உயிரினச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த சமுதாயக் காப்பகம் என்ற வழி ஒன்று உண்டு; உரிமையாளர் தானாக முன்வந்தால் தனியார் நிலத்தையும் அதில் சேர்க்கலாம். ஆனால் அறிவிப்பு வந்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற அதன் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். முதல் சந்திப்பிலேயே இதை எடுத்துப் போட்டால் இரண்டாவது சந்திப்பு இருக்காது.

சொல்லாமல் கொள்ளாமல் வயலில் இறங்குவது

இந்த மாவட்டத்தில் நிலத்தை அளக்க வந்தவர் யாரும் நல்ல சேதி கொண்டு வந்ததாக ஊருக்கு நினைவில்லை. நான்குவழிச் சாலைக்குக் கல் போட்டவர்கள் இதே மாதிரிக் கருவியோடுதான் வந்தார்கள். மணவாளக்குறிச்சி, கிள்ளியூர்ப் பக்கம் கடலோரத்தில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பையில் போட்டுப் பாருங்கள். மணலில் இருக்கும் கனிமங்களான இல்மனைட்டுக்கும் மோனசைட்டுக்கும் ஆள் வந்துவிட்டது என்றுதான் ஊர் கூடும். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. தவளைக்காக மண் எடுக்கிறேன் என்று அந்த நேரத்தில் சொன்னால் யார் நம்புவார்?

டீக்கடையில் போய் உட்காருங்கள். என்ன வேலை, யார் காசு, எத்தனை நாள் என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். காக்கிச் சட்டை வேண்டாம், வனத்துறை என்று நினைப்பார்கள். ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும்.

இயந்திரத்தை முதலில் கொண்டுவருவது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பழையாறு மணக்குடிக் காயலை நெருங்கும் கீழ்ப்பகுதியில் ஒருவருக்கு ஒரு பள்ள வயல். சுற்றிலும் மேட்டு வயல்கள் வாழைக்கும் தென்னைக்கும் மாறிவிட்டன. இதில் மட்டும் தண்ணீர் நிற்கும் என்பதால் தரிசாகக் கிடந்தது. நிறையக் கோரை, நடுவில் கொஞ்சம் அல்லி, மேற்கு ஓரத்தில் மாடு மிதித்த சேறு. பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், மடையான், இலைக்கோழி, வலசைக் காலத்தில் உள்ளான் கூட்டம் என்று அந்தச் சின்ன இடத்தில் எப்போது போனாலும் ஏதாவது மேய்ந்துகொண்டிருக்கும்.

இளைஞர்கள் சிலர் உரிமையாளரிடம் பேசிப் பேசி, மண் அடித்து மனையாக்காமல் வைத்திருக்கச் சம்மதிக்க வைத்தார்கள். நியாயமாக வேலை அங்கேயே பாதி முடிந்துவிட்டது. அப்புறம் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி கிடைத்தது. நிதியாண்டு மார்ச்சில் முடியும். அதற்குள் செலவு செய்து, வேலைக்கு முன் ஒரு படம், வேலைக்குப் பின் ஒரு படம் அனுப்ப வேண்டும். தரிசைத் தரிசாகவே காப்பாற்றினேன் என்று படம் அனுப்பினால் யார் ஒத்துக்கொள்வார்? மண் வெட்டும் ஹிட்டாச்சி வந்தது.

நான் போனபோது முக்கால்வாசி முடிந்திருந்தது. ஓட்டுநர் நல்ல தொழில்காரர். கரையைச் செங்குத்தாக இறக்கி, வாளியின் முதுகால் தட்டித் தட்டி, சிமெண்ட் பூசிய சுவர் மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தார். 8 அடி ஆழம். ஒரு பங்கு மண் லாரியில் போயிருந்தது, மீதி மேற்கு ஓரத்துச் சேற்றின் மேல் குவிந்து கிடந்தது. உள்ளான்கள் மேய்ந்த இடம் அதுதான். வரப்பில் குந்தியிருந்த பக்கத்து வயல் பாட்டா (தாத்தா) என்னைப் பார்த்துக் கேட்டார்: "எல்லாரும் சேந்து கொக்குக்கு நீச்சல் படிச்சுக் குடுக்கப் போறியளா மக்கா?"

ஒரே வரியில் முழுப் பாடமும் அதில் இருக்கிறது. ஜூனில் அணை திறந்து, கால்வாயில் தண்ணீர் வந்து, வெட்டிய கிடங்கு நிறைந்தது. நீர்க்காகம் வந்தது, முக்குளிப்பான் வந்தது. மற்றவை வரவில்லை. எப்படி வரும்? சின்ன உள்ளான்களுக்கு விரல் நனையும் தண்ணீர் போதும். மடையானுக்கும் கொக்குக்கும் ஒரு சாணுக்குள் வேண்டும். நீலச்சிறகி போலத் தலையை முக்கி மேயும் வாத்துகளுக்கும் கழுத்து எட்டும் ஆழம்தான் கணக்கு. மேயும் நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவற்றின் சாப்பாடு 30 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது. செங்குத்துக் கரை போட்ட 8 அடிக் கிடங்கில் அந்த ஆழம் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குக்கூடக் கிடைக்காது.

சேற்றின் கதை தனி. கால்வாய் அடைத்துத் தண்ணீர் வற்றும்போது நத்தை மூடியைச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் போய்விடும். அல்லி, கோரையின் விதைகளும் கிழங்குகளும் மேல் சேற்றில்தான் கிடக்கும். விராலும் கெளுத்தியும் ஈரம் இருக்கும் சேற்றில் ஒதுங்கும். இயந்திரம் இறங்க வசதியான மாதங்களும் அதே மாசி, பங்குனிதான். வாளி முதலில் அள்ளுவது இந்த ஓரடி மண்ணை. நத்தைகுத்தி நாரையின் அடுத்த வருடத்துச் சாப்பாடு லாரி ஏறிப் போனது.

அதைவிட மோசமானது அடியில் நடந்தது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றதே அடியிலிருந்த களிமண்ணால். அதற்குக் கீழே மணல். களியை உடைத்துக்கொண்டு வாளி மணலைத் தொட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை. "ஊத்து வந்துட்டு சார்" என்று சந்தோஷப்பட்டார்கள். காயலுக்கு அவ்வளவு பக்கத்தில், கடல்மட்டத்துக்குக் கீழே ஊறும் தண்ணீர் எப்படி இருக்கும்? அடுத்த கோடையில் உப்பு ஏறியது, அல்லி அழிந்தது, பக்கத்து வயல் கிணறும் கரிக்க ஆரம்பித்தது. அந்தப் பாட்டா இப்போது கேலி பேசுவதில்லை. எங்களோடு பேசுவதே இல்லை.

லாரி விஷயம் வேறு. சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் மண்ணை வெளியே கொண்டுபோகக் கனிமவள அனுமதி வேண்டும். இல்லாமல் போன லாரியை மடக்கினார்கள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் வயலைக் கொடுத்த மனிதர்.

அப்படியானால் வெட்டவே கூடாதா? வெட்டலாம். ஒரு வருடம் முழுக்கத் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு. அளவு கீறிய மூங்கில் கழியோடு நடந்து, எந்த மூலையில் எந்த மாதம் எவ்வளவு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் மண்வெட்டியால் நாலைந்து இடத்தில் சோதனைக் குழி போடுங்கள்: கருஞ்சேறு, அப்புறம் சாம்பல் நிறக் களி. மணல் எந்த ஆழத்தில் தட்டுப்படுகிறதோ அதற்கு மேலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊறும் தண்ணீரின் உப்பை அளந்து எழுதுங்கள். கருவி இல்லையா, நாக்கில் வைத்தாலே பாதி தெரிந்துவிடும்.

வெட்டும் வருடத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாதீர்கள். மேல் சேற்றைத் தனியாக ஒதுக்கி, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புங்கள். ஓரடி இறங்கப் பத்தடியாவது நடக்கிற மாதிரிச் சரிவு வேண்டும், கூடினால் இன்னும் நல்லது. கரை கோணல்மாணலாக இருக்கட்டும் என்று ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். நேராக வெட்டிப் பழகியவருக்கு அது கௌரவக் குறைச்சல். டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பல இடங்களில் குறை மண்ணில் இல்லவே இல்லை, மடையில் இருக்கிறது. உடைந்த மடைக்குப் பலகை போட்டு, மிச்சத் தண்ணீர் வழியும் மறுகாலில் நாலு கல் அடுக்கினால் அரையடித் தண்ணீர் கூட நிற்கும். இரண்டு ஆள் கூலியில் முடிகிற வேலை. படத்தில் எடுப்பாக இருக்காது என்பதால் நிதி கேட்கும் தாளில் அதை யாரும் எழுதுவதில்லை.

மீன்குஞ்சு விடுவது

விடாதீர்கள். ஜிலேபிக் கெண்டை ஒரு தடவை ஏறினால் அப்புறம் இறங்காது.

மணக்குடியில் நட்டதை எல்லா இடத்திலும் நடுவது

மணக்குடியில் நட்டது அலையாத்தி. அது கடல் ஓதம் ஏறி இறங்கும் இடத்து மரம். நன்னீர்க் குளக்கரையில் அதற்கு வேலை இல்லை. புத்தளம் உப்பளம் மாதிரி வெட்டவெளியை நம்பிப் பூநாரையும் உள்ளானும் வரும் இடங்களில் எந்த மரமும் வேண்டாம்.

வருடம் முழுக்கத் தண்ணீர் நிறுத்துவது

கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் வரும், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அதற்குப் பிறகு வயல் காய்வது நோய் இல்லை. சேறு வெடித்துக் காற்றுப் படுவதும், வற்றும் குட்டையில் மீனும் நத்தையும் ஒரே இடத்தில் கூடி நாரைகளுக்கு அகப்படுவதும் அந்த மாதங்களில்தான். மோட்டார் வைத்து நிரப்பினால் வருவது ஆகாயத்தாமரை.

ஜனவரியில் மட்டும் எண்ணுவது

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. அதற்குப் போய் வந்த பழக்கத்தில், ஜனவரியில் இரண்டு காலை நின்று எண்ணிவிட்டு அறிக்கை எழுதுகிறார்கள். இரண்டு பருவமழையும் இரண்டு பூ நெல்லும் உள்ள ஊர் இது. முதல் போகமான கன்னிப்பூவுக்கு உழும்போது டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் வரிசை கட்டும். தவளை கத்துவது மழை விழுந்த இரவில். இலைக்கோழி இலை மேல் முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். இதெல்லாம் தெரியாதவர் எழுதும் தாளில் ஜூலை மாதம் "வேலைக்கு ஏற்ற காலம்" என்று இருக்கும்.

பறவை வந்தால் சுற்றுலாப் பயணியும் வருவார் என்று சொல்வது

வரமாட்டார்.

பட்டாவில் பெயர் உள்ளவரிடம் மட்டும் பேசுவது

பட்டாவில் ஒரு பெயர் இருக்கும். வயலில் பத்துப் பேர் இருப்பார்கள். பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து வாழை வைத்தவர், தாமரை மொட்டு அறுத்துத் தோவாளைச் சந்தைக்கு அனுப்புகிறவர், மாடு மேய்க்கிறவர், மறுகால் தண்ணீரை நம்பியிருக்கும் கீழ்வயல்காரர். பூச்சிக்குக் குருணை மருந்து போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது பாட்டக்காரர்தான், நாகர்கோவிலில் வீடு கட்டிக் குடியிருக்கும் உரிமையாளர் இல்லை. கூட்டங்களுக்குப் பாட்டக்காரரைக் கூப்பிட மறந்துவிடுகிறார்கள். கூப்பிட்டாலும் கடைசி நாற்காலி.

பெயர் ஒன்றாக இருப்பதாலேயே நிலம் ஒருவருடையது என்றும் ஆகாது. அப்பா பெயரில் பட்டா, அண்ணன் பார்த்துக்கொள்கிறார், தம்பி கத்தாரில், அக்கா திருவனந்தபுரத்தில் என்பதெல்லாம் இங்கே சாதாரணம். அண்ணனின் கையெழுத்தை மட்டும் முத்திரைத்தாளில் வாங்கி, பத்து வருட ஒப்பந்தம் என்று பெருமையாகக் காட்டிய ஒரு குழுவை எனக்குத் தெரியும். தம்பி லீவில் வந்தார், பாகம் பிரித்தார்கள், அவர் பங்கில் செம்மண் லாரி இறங்கியது. தடுக்க இவர்கள் கையில் ஒன்றும் இல்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும், அதையும் செய்யவில்லை.

பாகம் பிரித்த சொத்தா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பவர் பத்திரம் அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், வேலைத் திட்டத்தில் அந்த மாதங்களையும் எழுதி வையுங்கள்.