டேஸ்டிங் மெனு டின்னருக்குப் போகும்முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேஸ்டிங் மெனு என்றால் நாம் எதையும் ஆர்டர் செய்ய மாட்டோம். செஃப் முடிவு செய்த உணவுகள், அவர் போட்ட வரிசையில், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய் அளவுக்கு வந்துகொண்டே இருக்கும். இப்படி வரும் ஒவ்வொன்றையும் ஒரு கோர்ஸ் என்பார்கள். சென்னை ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலில் 2017-இல் தொடங்கிய ஆவர்த்தனா உணவகத்தில் 7 கோர்ஸில் ஆரம்பித்து 13 கோர்ஸ் வரை மெனு உண்டு. அதே ஆவர்த்தனா இப்போது கொழும்பு ஐடிசி ரத்னதீபாவிலும் இருக்கிறது. மும்பை மகாலட்சுமியில் மாஸ்க் என்ற உணவகம் 10 கோர்ஸ் தருகிறது. இமாச்சலப் பிரதேசத்தில் கசௌலி பக்கம் மலைமேல் இருக்கும் நார் உணவகத்தில் மொத்தமே 16 பேர்தான் உட்கார முடியும். சிங்கப்பூரில் பினாங்குக்காரர் மனோ தேவரின் ‘தேவர்’ உணவகம், சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரத்தில் இரண்டாவதை 2022-இல் வாங்கியது. கல்யாண நாள், பிறந்தநாள் என்று நம்மவர்கள் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போவது கூடிக்கொண்டே வருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் ஆளுக்குப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் முன்யோசனை இருந்திருந்தால் நன்றாக அனுபவித்திருக்கக்கூடிய ஒரு இரவை வீணடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

ஆர்டர் செய்ய வேண்டியதில்லை என்பதால் வாயே திறக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்வதுதான் பெரிய தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. சாதாரண ஹோட்டலில் பிடிக்காததை ஆர்டர் செய்யாமல் விட்டுவிடலாம், இங்கே அந்த வசதி கிடையாது. அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே, கூச்சமில்லாமல் சொல்லிவிட வேண்டும்.

முதலில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு. புக்கிங் செய்யும்போதே அலர்ஜி உண்டா, சாப்பிடாதது ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, எட்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தபிறகு “நாங்க வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டோம்” என்று சொன்னால் சமையலறையில் என்ன நடக்கும் தெரியுமா? இந்த மாதிரி இடங்களில் சாஸுக்கு அடிப்படையான ஸ்டாக்கை, அதாவது காய்கறியோ எலும்போ வேகவைத்த சாறை, முந்தின நாளே காய்ச்சி வற்றவைத்திருப்பார்கள், ஊறுகாய், புளிக்கவைத்த சாமான்கள் எல்லாம் வாரக்கணக்கில் முன்னால் தயாரானவை. அதிலிருந்து வெங்காயத்தை அந்த நேரத்தில் பிரித்தெடுக்க முடியாது. சாஸை எடுத்துவிட்டு, மேலே தூவுவதை எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதைத் தட்டில் வைத்து அனுப்புவார்கள், பக்கத்தில் இருப்பவர் சாப்பிடும் உணவின் பாதிதான் உங்களுக்கு வரும். இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் உங்களுக்கென்று தனியாக ஒன்றை யோசித்துச் செய்திருப்பார்கள். நல்ல செஃப்கள் இதைச் சிரமமாக நினைப்பதில்லை.

‘வெஜ்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் எழுதினாலும் போதாது, குறிப்பாக வெளிநாட்டில். நமக்கு வெஜ் என்றால் முட்டையும் கிடையாது, அங்கே முட்டை வெஜ் கணக்கில்தான் வரும். ஜப்பானிய சமையலில் காய்கறியை வேகவைக்கும் டாஷி பெரும்பாலும் காய்ந்த மீனிலிருந்து எடுத்த சாறு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரிய வைப்பதற்காக, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் சேர்ப்பது கட்டாயம். பன்னா கோட்டா, மூஸ் போன்ற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. உஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. இதையெல்லாம் பரிமாறுகிறவர் ஒளிக்கிறார் என்று அர்த்தமில்லை, அவர் ஊர்ப் பழக்கத்தில் அது இறைச்சியாகவே தோன்றாது. ஆகவே “முட்டை, மீன் சாறு, இறைச்சி சாறு, ஜெலட்டின், விலங்கு ரெனெட் எதுவும் வேண்டாம்” என்று விரித்து எழுதுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நம் வீடுகளில் பலர் சிக்கன், மட்டன், மீனோடு நிறுத்திக்கொள்பவர்கள். ‘நான்-வெஜ்’ என்று மட்டும் எழுதிவிட்டு ஐந்தாவது கோர்ஸாக மாட்டிறைச்சியோ பன்றியோ வாத்தோ வரும்போது முகம் சுருங்குவதில் பயனில்லை. பாதி வெந்த இறைச்சி, பச்சை மீன், சிப்பி ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, அலர்ஜியையும் பிடிக்காததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். கத்தரிக்காய் பிடிக்காது என்றால் பிடிக்காது என்றே எழுதுங்கள், அலர்ஜி என்று எழுதினால் அவர்கள் பாத்திரம், பலகை, கத்தி வரை மாற்ற வேண்டியிருக்கும். உண்மையிலேயே வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறவரின் பேச்சுக்கு மதிப்புக் குறைவதும் இதனால்தான்.

தேதியில் ஒரு விஷயம், இது நம் வீடுகளுக்கே உரியது. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமையைப் பார்த்து அசைவ மெனுவுக்கு முன்பணம் கட்டிவிடுவது, கார்த்திகையில் மாமா மாலை போட்டிருப்பதை மறந்துவிட்டு குடும்பத்தோடு புக் செய்வது, செவ்வாய் வெள்ளி அசைவம் தொடாத அத்தையைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை போய் உட்கார்வது. பல இடங்களில் மேஜையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே மெனுவை எடுக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள், ஏனென்றால் ஏழு கோர்ஸ்காரரும் பதிமூன்று கோர்ஸ்காரரும் ஒரே மேஜையில் இருந்தால் யார் தட்டு எப்போது வரும் என்ற கணக்கே கலைந்துபோகும். எனவே நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, வரப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தேதி போடுங்கள்.

அதோடு, இந்த மாதிரி சாப்பாட்டில் கொஞ்சமும் ஆர்வமில்லாதவரை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மூன்று மணி நேரம் அவருக்கும் கஷ்டம், “இந்தக் காசுக்கு வீட்டிலேயே பிரியாணி போட்டிருக்கலாம்” என்று அவர் ஒவ்வொரு தட்டுக்கும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் கஷ்டம். சின்னக் குழந்தைகளுக்கும் அவ்வளவு நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தண்டனைதான், தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவது எல்லோருக்கும் நல்லது.

நேரம். பத்து கோர்ஸ் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, மூன்றரை மணி கூட ஆகலாம். ஒன்பது மணிக்கு புக் செய்துவிட்டு, கடைசி மெட்ரோ போய்விடுமே என்று பதினோரு மணிக்கு முன்பிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசி நான்கு கோர்ஸும் அவசரத்தில் போய்விடும். ஏழு மணி இடம் கிடைத்தால் அதையே எடுங்கள், வயிற்றுக்கும் அதுதான் நல்லது. தாமதமாகப் போகாதீர்கள். சில இடங்களில் எல்லா மேஜைக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், சில இடங்களில் உங்களுக்கு அப்புறம் அதே மேஜைக்கு இன்னொருவர் வருவார். அரை மணி நேரம் பிந்திப் போனால் ஆரம்பத்தில் வரும் சின்னச் சின்ன உருப்படிகள் கைவிட்டுப் போகலாம். செஃபின் கைவண்ணம் முழுக்க வெளிப்படுவது பல சமயம் அந்த முதல் நாலைந்து வாயில்தான்.

வயிறு. “ராத்திரி பெரிய சாப்பாடு” என்று காலையிலிருந்து பட்டினி கிடப்பது பலர் செய்வது. கொலைப் பசியில் போனால் நாக்கு எதையும் கவனிக்காது, முதலில் வரும் ரொட்டியையும் வெண்ணெயையும் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு ஏழாவது கோர்ஸில் திணறுவீர்கள். மத்தியானம் தயிர்சாதமோ இரண்டு இட்லியோ போல லேசாகச் சாப்பிடுங்கள், சாயங்காலம் பஜ்ஜி, போண்டா பக்கம் போகாதீர்கள். ஒவ்வொரு தட்டும் இத்தனூண்டு இருக்கிறதே என்று ஆரம்பத்தில் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொன்றிலும் வெண்ணெய், கிரீம், தேங்காய்ப்பால், இறைச்சிச் சாறு என்று கனமானது ஏதோ ஒன்று இருக்கும், முடிவில் கணக்குச் சரியாகிவிடும்.

மேஜையில் நடப்பதற்கு வருகிறேன். மெல்லிய மாவுக் கிண்ணம் ஒன்று வரும், கட்டைவிரல் நகம் அளவுதான், உள்ளே ஈரமான கலவை, மேலே ஒரு சின்ன இலை. “ஒரே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஈரம் இறங்க ஆரம்பித்ததும் மாவு நமத்துப்போகும் என்பதால், பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான் அதை நிரப்பியிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு நாலு கோணத்தில் போட்டோ, ஒரு ரீல், “நீ பிடி, கை தெரியட்டும்” என்று இரண்டு நிமிஷம் போய்விட்டால் மொறுமொறுப்பு போயேபோச்சு, கடித்தால் ஈரக் காகிதம் மாதிரி இழுபடும். நுரை வைத்த தட்டு என்றால் நுரை அமுங்கியிருக்கும். சுஷி என்றால் உடம்புச் சூட்டில் இருந்த சோறு ஆறியிருக்கும். போட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஃபிளாஷ் போடாமல், பக்கத்து மேஜைக்காரர் முகம் விழாமல், ஒன்றோ இரண்டோ எடுத்துவிட்டு உடனே சாப்பிடுங்கள். ஆவர்த்தனாவில் தக்காளி ரசத்தை காபிக்கான பிரெஞ்சு பிரஸில் போட்டு, கண்முன்னால் அழுத்தி, மார்ட்டினி கிளாஸில் ஊற்றுவார்கள். அந்த நேரத்தில் எழும் வாசனை போனுக்குள் பதிவாகாது, மூக்கைத்தான் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

வாசனை என்றதும் சென்ட் ஞாபகம் வருகிறது. நெடி அடிக்கும் சென்ட், அத்தர் போட்டுக்கொண்டு போகாதீர்கள், கவுன்டரில் பத்துப் பேர் தோளோடு தோள் உட்காரும் இடத்தில் அது எல்லோருடைய சாப்பாட்டையும் மூடிவிடும். ஜப்பானில் சில சுஷிக் கடைகள் இதை புக்கிங்கிலேயே வேண்டிக் கேட்டுக்கொள்கின்றன.

கரண்டி, முள்கரண்டி பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு கோர்ஸுக்கும் வேண்டியதை அவர்களே மாற்றி வைப்பார்கள். தெரியாவிட்டால் “இதை எப்படிச் சாப்பிடணும்?” என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள், எது தின்பதற்கு, எது வெறும் அலங்காரக் கல் என்பதையும் சேர்த்து. ஆரம்பத்தில் வருபவை பெரும்பாலும் கையால் எடுத்துச் சாப்பிடுபவைதான். பலர் யோசிக்காத ஒரு விஷயம் பாத்ரூம் போவது. ஒரு கோர்ஸ் முடிந்து தட்டு எடுத்த உடனே எழுந்து போனால், அடுத்ததை உங்கள் மேஜைக்கென்று நாலு தட்டில் அடுக்கிக்கொண்டிருக்கும் சமையலறை அப்படியே நின்றுவிடும், ஒரு நாற்காலி காலி என்றால் யாருக்கும் பரிமாற மாட்டார்கள். எழும்முன் பரிமாறுகிறவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உள்ளே சொல்லி நிறுத்திவைப்பார். போன் பேச வெளியே போவதென்றாலும் அப்படித்தான்.

காசு விஷயத்தில் போர்டில் போட்டிருக்கும் விலையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம், தனியாக இருக்கும் உணவகத்தில் 5 சதவீதம், மதுவுக்கு மாநில வரி தனி. சர்வீஸ் சார்ஜை உணவகம் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அது பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம், சேவை பிடித்திருந்தால் உங்கள் விருப்பப்படி டிப்ஸ் வைக்கலாம். உட்கார்ந்ததும் “ஸ்டில்லா ஸ்பார்க்ளிங்கா?” என்று, அதாவது சாதாரண பாட்டில் தண்ணீரா, வாயு ஏற்றியதா என்று கேட்கும்போது இரண்டில் ஒன்றைச் சொன்னால் பாட்டில் தண்ணீர் பில்லில் ஏறும், சாதாரண வடிகட்டிய தண்ணீர் போதும் என்று சொல்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை. நடுவில் “இதற்கு மேலே ட்ரஃபிள் சீவித் தரட்டுமா, கேவியர் சேர்க்கட்டுமா?” என்று கேட்டால் (ட்ரஃபிள் ஒரு விலையுயர்ந்த காளான் வகை, கேவியர் மீன் முட்டை) அது இலவசம் இல்லை, எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் எத்தனை மணி நேரம் முன்னால் ரத்துசெய்தால் திரும்பக் கிடைக்கும் என்பதையும் படித்து வையுங்கள்.

ஒயின் பேரிங், அதாவது கோர்ஸ்களுக்குப் பொருத்தமாக ஊற்றித் தரும் ஒயின், எடுப்பவர்கள் கவனிக்க: ஒவ்வொரு ஊற்றும் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் 75 மில்லி வீதம் ஆறு ஊற்று என்றால் 450 மில்லி, அரை பாட்டிலுக்கு மேல். பழக்கமில்லாதவர்களுக்கு நாலாவது கிளாஸுக்கு மேல் சாப்பாட்டின் ருசியே தெரியாது. ஒரு பேரிங்கை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் சம்மதிப்பார்கள். மது இல்லாத பேரிங்கும் இப்போது பல இடங்களில் வந்துவிட்டது, புளிக்கவைத்த பழச்சாறு, தேநீர், மூலிகை நீர் என்று அதற்கும் தனியாக உழைக்கிறார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு போனவர்கள் இதை எடுத்தால் நிம்மதி.

கடைசியாக, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பேசுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர் சூப்பர்” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து காரில் ஏறியதும் மீன் உப்பாக இருந்தது என்று புலம்புவதால் யாருக்கு என்ன லாபம்? உப்பு கூடுதல் என்றால் மரியாதையாக அப்போதே சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள், அடுத்த மேஜைக்குப் போகும் தட்டும் திருந்தும். ஒரு கோர்ஸ் ரொம்பப் பிடித்திருந்தாலும் சொல்லுங்கள், ரசம் மாதிரியானதை இன்னொரு வாய் கேட்டால் முடிந்தால் தருவார்கள். வேகம் அதிகமாக இருக்கிறது, மூச்சுவிட முடியவில்லை என்றால் பத்து நிமிஷம் இடைவெளி கேளுங்கள். இனிப்பு வரும்போது வயிற்றில் இடமே இல்லையென்றால், முடிவில் காபியோடு வரும் சாக்லேட், சின்ன மிட்டாய் வகைகளைப் பெட்டியில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், அவை மறுநாள் வரை கெடாது.