பழைய பிக்கப் வண்டியில் ஈசிஎம் மாற்றுவது எப்படி? கழற்றும் முன் செய்யவேண்டிய சோதனைகளோடு

தை, மாசியில் டெல்டா பக்கம் பிக்கப் வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. களத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்ற வேண்டும், வைக்கோல் கட்டு ஏற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து செல்ஃப் மட்டும் சுற்றி இன்ஜின் பிடிக்காமல் நின்றால், "ஈசிஎம் போயிடுச்சு, மாத்திடலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஈசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி. அவசரத்தில் நாமும் தலையாட்டிவிடுவோம். புதுசு போட்ட பிறகும் வண்டி கிளம்பாது. ஏனென்றால் கோளாறு பல நேரம் ஈசிஎம்முக்கு வெளியே, எர்த் வயரிலோ ஒரு ரிலேயிலோ இருக்கும். அதனால் கழற்றி மாட்டும் வேலையைவிட, அதற்கு முந்தைய சோதனைகளைத்தான் இங்கே நிதானமாகச் சொல்லப்போகிறேன்.

இங்கே சொல்வது பிஎஸ்-3, பிஎஸ்-4 புகை விதிகளின் காலத்துக் காமன் ரெயில் டீசல் வண்டிகளுக்கு; அதாவது, ரெயில் என்ற ஒரே குழாயில் அதிக அழுத்தத்தில் டீசலைச் சேர்த்து எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் வண்டிகள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இந்தப் பெட்டியே கிடையாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் புகை சுத்திகரிப்பு அமைப்பும் சேர்ந்திருப்பதால் அவற்றுக்குத் தனி முறை வேண்டும்.

ஈசிஎம் என்ன செய்கிறது?

கிராங்க் சென்சார், ரெயில் பிரஷர் சென்சார், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாம் அனுப்பும் தகவலை வாங்கி, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களில் எது எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டி இது. வண்டிக்கு வண்டி டேஷ்போர்டுக்குக் கீழே, சீட்டுக்கு அடியில் அல்லது பானட்டுக்குள் இருக்கும். தடித்த வயர்க் கட்டோடு பெரிய கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) மாட்டிய அலுமினியப் பெட்டியைத் தேடுங்கள்.

படி 1: ஈசிஎம் உயிரோடு இருக்கிறதா?

முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சரிசெய்யுங்கள். வோல்டேஜ் குறைந்தால் ஈசிஎம் வேலை செய்யாமல் போகும், பொய்யான கோடுகளும் (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்கள்) காட்டும்.

அடுத்து சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி மீட்டரைப் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? ஈசிஎம்முக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான மெயின் ரிலே 'டிக்' என்று சத்தம் போடுகிறதா? இரண்டும் இல்லையென்றால் ஈசிஎம்முக்குக் கரண்ட் போகவில்லை என்ற சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். பிறகு கோடுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரை மாட்டுங்கள். அது ஈசிஎம்மோடு பேசிவிட்டால், பெட்டி முழுதாகச் சாகவில்லை என்று அர்த்தம். செல்ஃப் அடித்தபடியே ஸ்கேனரில் ஆர்பிஎம் ஏறுகிறதா என்று பாருங்கள். பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் கவனிக்க வேண்டும்.

ஸ்கேனரில் பி0606 என்ற கோடு வந்தால் ஈசிஎம்மின் உள்ளே இருக்கும் பிராசஸர் மீது சந்தேகம். யு0100 என்றால் வண்டியிலுள்ள மற்ற எலக்ட்ரானிக் பெட்டிகளுக்கு ஈசிஎம்மோடு தொடர்பு இல்லை என்பது மட்டுமே பொருள். ஃபியூஸ் போயிருந்தாலும் அதே கோடுதான் வரும். பி0642 என்பது சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் குறைந்திருப்பதைச் சொல்கிறது. ஒரே ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் விழுந்து, ஈசிஎம்மே செத்த மாதிரி தெரியும். சாவியை ஆஃப் செய்து ஒரு சென்சாரைக் கழற்றுங்கள், ஆன் செய்து பாருங்கள், அடுத்ததைக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி.

படி 2: கரண்டும் எர்த்தும்

ஒரு நாள் செலவழித்தாலும் தப்பில்லாத இடம் இதுதான்.

மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். வயர் உள்ளே அரித்து ஒரு இழை மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்து, கழற்றிய கப்ளரில் ஈசிஎம்முக்கு வரும் சப்ளை பின்னுக்கும் (pin, கப்ளருக்குள் இருக்கும் உலோக முனை) எர்த் பின்னுக்கும் நடுவே கொடுத்துப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. எது எந்த பின் என்று அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்தே தொடுங்கள். சென்சார் சிக்னல் பின்களில் இந்தப் பல்பை வைக்கவே கூடாது. பல வண்டிகளில் மெயின் ரிலேயை இழுப்பதே ஈசிஎம்தான். அதனால் கப்ளரைக் கழற்றிய நிலையில் ரிலே வழியாக வரும் பின்னில் கரண்ட் இருக்காது. அந்த வழியைச் சோதிக்க ரிலே சாக்கெட்டில் வயர் போட்டு இணைக்க வேண்டும்.

எர்த்துக்கு வேறு சோதனை. கப்ளரை மாட்டி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை ஈசிஎம்மின் எர்த் வயரிலும் வைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிப் போடுங்கள்.

நம் ஊரில் இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்று எர்த் போல்ட்டை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடிய வண்டியின் கப்ளருக்குள் பச்சை பூத்திருக்கும். கேபினுக்குள் சிந்திய நெல்லைத் தேடி வரும் எலி வயரையும் கடிக்கும். கப்ளரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய்விடும்.

படி 3: பெட்டி ஏன் செத்தது?

சப்ளை, எர்த், 5 வோல்ட் வழி எல்லாம் சரி, ஆனாலும் ஈசிஎம் பேசவில்லை என்றால் மாற்றலாம். அதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் புதுசும் அதே வழியில் போகும். மற்றொரு வண்டியின் ஈசிஎம்மை "சும்மா மாட்டிப் பார்க்கலாம்" என்று கேட்பவர்களுக்கு நான் சம்மதிப்பதே இல்லை.

இன்ஜெக்டர் பின்களுக்கும் வண்டி உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். தொடர்பு இருந்தால் ஷார்ட். வண்டி ஓடிய காலத்தில் ஆல்டர்னேட்டர் 15 வோல்ட்டைத் தாண்டிக் கொடுத்ததா என்றும் விசாரியுங்கள்; சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரைதான் இருக்க வேண்டும். பின்பக்க பாடிக்கு பட்டறையில் வெல்டிங் வைத்தார்களா? பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அந்தக் கரண்ட் எர்த் வழியாக ஈசிஎம்முக்குள் புகுந்துவிடும். இனி வெல்டிங் என்றால் பேட்டரி நெகட்டிவையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றச் சொல்லுங்கள்.

படி 4: எந்த ஈசிஎம் வாங்குவது?

பெட்டியின் மேல் இருக்கும் லேபிளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஷ் டீசல் ஈசிஎம்மில் எண் 0281 என்று தொடங்கும். ஹார்டுவேர் எண், சாஃப்ட்வேர் எண் இரண்டும் பொருந்த வேண்டும். கப்ளர் மாட்டுகிறது என்பதற்காக வாங்கக் கூடாது.

பழைய பெட்டியிலிருந்து டேட்டாவை எடுக்க முடிந்தால், அதே எண்ணுள்ள இன்னொரு பெட்டியில் அப்படியே நகலெடுத்துக் குளோன் செய்வதுதான் என் கணக்கில் சிறந்த வழி. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டி கிளம்பாமல் தடுக்கும் பூட்டு), இன்ஜெக்டர் குறியீடு எல்லாம் அப்படியே வந்துவிடும். எடுக்க முடியவில்லை என்றால் புதுசு வாங்கி, வண்டிக்கேற்ற புரோகிராமை ஏற்ற வேண்டும்.

படி 5: கழற்றி மாட்டுதல்

சாவியை ஆஃப் செய்து சில நிமிடம் காத்திருங்கள். சாவி அணைந்த பிறகும் ஈசிஎம் தன் கணக்குகளைச் சேமித்துக்கொண்டிருக்கும். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டியின் வெறும் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். கப்ளரின் லாக்கை முழுதாகத் திறந்து நேராக இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். புதியதன் பின்களைக் கையால் தொடாதீர்கள். ரப்பர் சீல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டி, லாக் விழும்வரை அழுத்துங்கள். பிராக்கெட் போல்ட்டுகளை முடுக்குங்கள். நெகட்டிவ் கடைசியில்.

படி 6: கோடிங்

குளோன் செய்யாத பெட்டி என்றால், இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவியைச் சேர்க்க வேண்டும். அடுத்தது இன்ஜெக்டர் குறியீடு. ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் எண்ணும் எழுத்தும் கலந்து பொறித்திருக்கும். எது எந்த சிலிண்டரில் இருக்கிறதோ அந்த வரிசையிலேயே ஸ்கேனரில் ஏற்றுங்கள். மாற்றி ஏற்றினால் வண்டி கிளம்பினாலும் ஐடிலில் உதறும், புகை தள்ளும். ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் வயரைத் தொடாதீர்கள், டீசல் பைப்பைத் தளர்த்தாதீர்கள். வயரில் போவது 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு. ரெயிலில் இருக்கும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எல்லா கோடுகளையும் அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சூடாகும்வரை ஐடிலில் விட்டு, லோடு இல்லாமல் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போய் வரும் அளவுக்கு ஓட்டிப் பாருங்கள். திரும்ப ஸ்கேன் செய்து, எந்தக் கோடும் இல்லையென்றால் மூட்டை ஏற்றலாம். பழைய ஈசிஎம்மைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். துணியில் சுற்றி ஈரம் படாமல் வைத்திருங்கள். புதியதில் ஏதாவது விடுபட்டிருந்தால், அதிலுள்ள டேட்டாதான் திரும்பத் தேவைப்படும்.