18ஆம் நூற்றாண்டு இடுப்புப் பையைக் கையால் தைக்கும் முறை

அமெரிக்கப் புரட்சிப் போரின் முதல் மோதல் 1775 ஏப்ரல் 19 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டனில் நிகழ்ந்தது. அதை அவ்வூரில் இன்றும் ஏப்ரல் மாதத்தில் நடித்துக் காட்டுகிறார்கள். இத்தகைய நிகழ்ச்சிகளில் பெண் வேடம் ஏற்பவர்கள் தொப்பிக்கும் கழுத்துத் துண்டுக்கும் செலவிடும் கவனத்தை, பாவாடைக்குள் மறைந்திருக்கும் இடுப்புப் பைக்குக் கொடுப்பதில்லை. அக்காலப் பெண்களின் உடையில் பை வைத்துத் தைக்கும் வழக்கம் அரிது. தனியாகத் தைத்த ஒன்றிரண்டு பைகளை நாடாவில் கோத்து இடுப்பில் கட்டி, அதன்மேல் பாவாடை அணிந்து, பாவாடையின் பக்கவாட்டுப் பிளவு வழியே கைவிட்டுப் பொருளை எடுத்தார்கள். நம் பாட்டிமார்களின் சுருக்குப் பையைப் போல வாயை இழுத்து மூடும் கயிறு இதற்குக் கிடையாது. உள்ளிருப்பது விழாமல் காப்பது ஆழம் ஒன்றே. ஆகவே இடத்தை மிச்சப்படுத்த எண்ணிப் பையைச் சிறிதாக்குவது தவறு.

துணிக்கு நடுத்தரக் கனமுள்ள லினன் மிகப் பொருத்தமானது. கிடைக்காவிட்டால் நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தித் துணி போதும்; பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். 140 செ.மீ. அகலத் துணியில் அரை மீட்டரும், ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. அகலமுள்ள பருத்தி அல்லது லினன் நாடாவில் ஐந்து மீட்டரும் ஒரு ஜோடிப் பைக்குத் தாராளமாக வரும். இரண்டையும் முதலிலேயே வெந்நீரில் நனைத்து உலர்த்தித் தேய்த்துவிட வேண்டும். இல்லையெனில் முதல் சலவையில் நாடா சுருங்கி ஓரம் முழுவதும் நெளிந்துவிடும். நூலைத் தேன்மெழுகில் ஓரிருமுறை இழுத்துக்கொண்டால் முறுக்கிச் சிக்காது.

தாளை நீளவாக்கில் மடித்துப் பேரிக்காய் வடிவத்தில் பாதியை வரைந்து வெட்டுங்கள். விரித்தபின் நீளம் 40, மேல் அகலம் 14, அடிப்பகுதியின் அகலம் 28 செ.மீ. இருக்கலாம். ஒரு பைக்கு முன்துண்டு, பின்துண்டு என இரண்டு வேண்டும். பூவேலை செய்ய விரும்புவோர் வடிவத்தைத் துணியில் வரைந்து, வேலையை முடித்த பிறகே வெட்ட வேண்டும். வெட்டிய துண்டின் ஓரம் பூத்தையல் சட்டத்தில் இழுபட்டு வடிவம் கெடும். கம்பளி நூலால் கொடியும் பூவும் தைத்த பைகள் அருங்காட்சியகங்களில் பார்வையாளரைக் கவர்கின்றன என்றாலும், உழைக்கும் பெண்ணின் வேடத்துக்கு வெறும் வெள்ளைப் பையே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒட்டுத்துணிப் பைகளும் அக்காலத்தில் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போனவை போன்ற அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்த பிரிட்டனில் 1721ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. அது 1774இல்தான் விலக்கப்பட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களில் அத்தடை இல்லையாதலால், அங்கு வாழ்ந்த பெண்ணின் பையில் பூ அச்சிட்ட துண்டுகளைச் சேர்ப்பதில் பிழையில்லை.

அடுத்தது வாய். முன்துண்டின் மேல்விளிம்பு நடுவிலிருந்து நேராகக் கீழே 22 செ.மீ. வெட்டுங்கள். பிளவை அகல விரித்து ஏறக்குறைய ஒரே நேர்கோடாக்கிப் பிடித்து, நாடாவை நீளவாக்கில் மடித்து ஓரத்தை அதற்குள் அடக்கி, செ.மீ.க்கு மூன்று நான்கு தையல் விழுமாறு தைத்துக்கொண்டு போக வேண்டும். பிளவின் அடிமுனையில் நாடாவுக்குள் துணி மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், அங்கே தையல்களை நெருக்கிப் போட்டு, பின்புறம் ஒரு சிறு துணித்துண்டை வைத்து உறுதிப்படுத்துங்கள். கை நுழையும் ஒவ்வொரு முறையும் இழுபடுவது அந்த இடந்தான். பை கிழிந்தால் பெரும்பாலும் அங்கிருந்தே கிழியும். மேலிருந்து பிளவின் குறுக்கே சில இழைகளை ஓடவிட்டு அவற்றின்மேல் காஜா தையல் போடுவது இன்னும் நல்லது.

பின்னர் முன்துண்டையும் பின்துண்டையும் உட்புறங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, பக்கங்களையும் அடியையும் பின்தையலால் இணைத்து, வெட்டுவிளிம்பை நாடாவால் மூடுங்கள். அடிவளைவில் நாடாவை இழுத்துப் பிடிக்காமல் சற்றுத் தளர்வாக விட்டுக் குண்டூசி குத்தினால் பை தட்டையாகப் படியும். எலியாஸ் ஹோ தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1846இல் என்பதால், வெளியே தெரியும் இந்த ஓரத்தில் இயந்திரத் தையல் இருக்கக் கூடாது. துணிகள் சலவையில் மாறிவிடாதிருக்க முதலெழுத்துகளைச் சிவப்பு நூலால் குறுக்குத் தையலில் பொறிப்பது அக்கால வழக்கம். விரும்பினால் நீங்களும் பொறிக்கலாம்.

இடுப்புச் சுற்றளவோடு 60 செ.மீ. கூட்டி நாடாவை வெட்டி, இரு பைகளின் மேல்விளிம்பையும் அதற்குள் மடித்துத் தைக்கும்போது, பிளவின் இரு ஓரங்களும் மேலே ஒன்றையொன்று தொடுமாறு சேர்த்துவிடுங்கள். பைகள் இரு இடுப்பெலும்புகளின் மேலும் அமையும்படி இடைவெளியை உடலில் கட்டிப் பார்த்தே குறிக்க வேண்டும்; அளவுநாடா இங்கு அவ்வளவாக உதவாது.

உள்ளாடை, விறைப்பான மார்க்கச்சு, அதன்மேல் பை, அதன்மேல் பாவாடை என்பது அணியும் வரிசை. அழகாகப் பூத்தையல் போட்டவர்கள் அதைப் பாவாடைக்கு வெளியே தொங்கவிட ஆசைப்படுவார்கள்; அந்த ஆசை வேண்டாம். பாவாடைப் பிளவும் பையின் வாயும் நேராக அமைகின்றனவா என்பதை, சாவிக்கொத்து, கைக்குட்டை, கைப்பேசி எல்லாவற்றையும் பையில் போட்டு நடந்தும் உட்கார்ந்தும் சோதியுங்கள். முடிச்சை முன்புறம் போட்டால், இறுகினாலும் பிறர் உதவியின்றி அவிழ்க்கலாம்.