டிடி-214இல் விடுபட்ட போர்க்காயமும் பதக்கமும்: அமெரிக்கப் படைப் பதிவைத் திருத்துவது எப்படி?

அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். டிடி படிவம் 214. வீட்டுக் கடன், மருத்துவம், கல்வி உதவி, கடைசியில் ராணுவக் கல்லறையில் இடம் என்று எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அதில் பதக்கங்களுக்கென்று ஒரு கட்டம் உண்டு. இன்றைய தாளில் 13ஆம் கட்டம், வியட்நாம் காலத்துத் தாளில் 24ஆம் கட்டம். காலில் குண்டுச் சிதறலோடு ஊர் திரும்பியவராகவே இருக்கட்டும், அந்தக் கட்டத்தில் பர்ப்பிள் ஹார்ட் (எதிரியால் காயம்பட்டவருக்குத் தரும் பதக்கம்) இல்லையென்றால் அரசின் கணக்கில் அவர் போரில் காயம்படாதவர்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. 2008 இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அனுமதித்த மாவ்னி திட்டம், குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகப் படையில் சேர்த்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியாகவும் வேறு வழிகளிலும் படைக்குப் போய் வந்தவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். காகித வேலை பெரும்பாலும் மனைவி, கணவர், பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. அவர்களுக்காகத்தான் இந்த விளக்கம்.

படி 1: என்ன விடுபட்டது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

"பதக்கம் வரவில்லை" என்று பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு சிக்கல்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் வழி வேறு.

ஒன்று, பதக்கம் முறையாக வழங்கப்பட்டுவிட்டது, உத்தரவும் இருக்கிறது, ஆனால் டிடி-214இல் தட்டச்சு செய்தவர் விட்டுவிட்டார். இது வெறும் எழுத்துப் பிழை, இருப்பதிலேயே சுலபமானது.

இரண்டு, தகுதி இருந்தும் வழங்கப்படவே இல்லை. பர்ப்பிள் ஹார்ட் பெரும்பாலும் இந்த வகையில்தான் வரும். அதற்கு யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. விதிகளுக்குப் பொருந்தினால் அது உரிமை.

மூன்று, சில்வர் ஸ்டார், வீரச்செயலுக்கான பிரான்ஸ் ஸ்டார் (Bronze Star, வெண்கல நட்சத்திரப் பதக்கம்) மாதிரியானவை. இவற்றுக்கு மேலதிகாரி யாராவது பரிந்துரை எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு யாரும் எழுதவில்லை, காலக்கெடுவும் போய்விட்டது என்றால், நாடாளுமன்ற உறுப்பினர் அல்லது செனட்டர் ஒருவர் மூலம்தான் கோரிக்கை போக வேண்டும். அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 10ஆம் தலைப்பின் 1130ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. உறுப்பினரின் அலுவலகத்தில் இதற்கென்றே ஊழியர் இருப்பார். தயங்காமல் தொலைபேசியில் அழையுங்கள்.

இடையில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் தரைப்படையில் போரிட்டு, 1941 டிசம்பர் 7 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்துக்குக் காலாட்படைப் போர் வீரர் பேட்ஜோ போர் மருத்துவர் பேட்ஜோ பெற்றவருக்கு, அதன் பேரிலேயே பிரான்ஸ் ஸ்டார் பதக்கம் உண்டு. பல குடும்பங்களுக்கு இது தெரியாது.

படி 2: முழுக் கோப்பையும் வரவழையுங்கள்

டிடி-214 ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாதாட முடியாது. மிசோரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவம் அனுப்புங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளம் வழியாகவும் கேட்கலாம். கேட்கும்போது "முழுப் பணிக்கோப்பும் மருத்துவப் பதிவுகளும் வேண்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் டிடி-214 நகல் ஒன்று மட்டும் வந்து சேரும்.

படைவீரரே கேட்கலாம். அவர் இறந்துவிட்டால் மறுமணம் செய்யாத மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கேட்கலாம். இறப்புச் சான்று இணைக்க வேண்டும். படையை விட்டு 62 ஆண்டுகள் ஆனவரின் கோப்பு பொது ஆவணமாகிவிடும். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம்.

"உங்கள் கோப்பு தீயில் அழிந்துவிட்டது" என்று பதில் வந்தால் நம்புங்கள், ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் பிடித்த தீ சுமார் 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி கோப்புகளை விழுங்கியது. 1912 நவம்பர் 1க்கும் 1960 ஜனவரி 1க்கும் இடையே தரைப்படையை விட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் போனது. விமானப்படையில் 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை விலகியவர்களில், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின் வருபவர்களின் கோப்புகள் 75 சதவீதம் எரிந்தன. கடற்படைக் கோப்புகளுக்கு இந்தக் கதை பொருந்தாது.

கோப்பு எரிந்துபோனவர்களுக்கும் வழி உண்டு. என்ஏ படிவம் 13055 நிரப்பிக் கொடுத்தால், மருத்துவத் தகவலை வேறு ஆவணங்களிலிருந்து திரட்டிப் பார்ப்பார்கள். 1942-45, 1950-54 ஆண்டுகளின் ராணுவ மருத்துவமனை அனுமதிப் பட்டியல்கள் தனியாகப் பிழைத்திருக்கின்றன. காயத்தின் வகைகூட அதில் குறியீடாக இருக்கும்.

படி 3: சங்கிலியின் மூன்று கண்ணிகள்

பர்ப்பிள் ஹார்ட் கோரிக்கை நிற்பதும் விழுவதும் இங்கேதான். காயம், எதிரி, சிகிச்சை ஆகிய மூன்றும் காகிதத்தில் இருக்க வேண்டும், ஒன்றோடொன்று கோத்திருக்கவும் வேண்டும். காயம் பட்டது, அது எதிரியின் செயலால் பட்டது, மருத்துவரின் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இருந்தது, அந்தச் சிகிச்சை அதிகாரபூர்வமாகப் பதிவானது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மனு தள்ளுபடிதான்.

நிராகரிக்கப்படும் மனுக்களில் அடிக்கடி காணாமல் போவது இரண்டாவது கண்ணி. மருத்துவக் குறிப்பில் "இடது முழங்காலில் வெட்டுக்காயம், ஐந்து தையல்" என்று இருக்கும். யார் வெட்டியது, எது வெட்டியது? பதுங்குகுழிக்குள் ஓடும்போது தகரம் கிழித்ததா, மோர்ட்டார் குண்டின் சிதறலா? குறிப்பு எழுதிய மருத்துவ உதவியாளருக்கு அன்று அதைப் பற்றிக் கவலை இல்லை. மனுவைப் பார்த்துப் படைப் பதிவைத் திருத்தும் வாரியத்துக்கு அது மட்டும்தான் கவலை.

எவையெல்லாம் சேராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மன உளைச்சல் நோய், வெப்பத் தாக்கு, எதிரிக்குத் தொடர்பில்லாத விபத்து, வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியால் வந்த நோய்கள் ஆகியவற்றுக்கு பர்ப்பிள் ஹார்ட் கிடையாது. ஆனால் எதிரி வைத்த வெடியால் மூளை அதிர்ந்து, அதற்கு மருத்துவர் சிகிச்சை தந்து பதிவும் செய்திருந்தால் உண்டு. ஈராக், ஆப்கானிஸ்தானில் சாலையோர வெடியில் சிக்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்று வெளியே ரத்தம் வரவில்லை என்பதால் பலர் கேட்காமலே விட்டிருக்கிறார்கள். எதிரியோடு சண்டை நடக்கும்போது சொந்தப் படையின் குண்டு தவறிப் பாய்ந்திருந்தாலும் தகுதி உண்டு.

படி 4: சான்றுகளைத் தேடுங்கள்

சம்பவம் நடந்த நாட்களிலேயே எழுதப்பட்ட தாளுக்குத்தான் முதல் மதிப்பு. வியட்நாம் காலத் தரைப்படைக் கோப்பில் டிஏ படிவம் 20 என்று ஒரு நீளமான மஞ்சளேறிய அட்டை இருக்கும். அதன் 40ஆம் கட்டம் காயங்களுக்கானது, 41ஆம் கட்டம் பதக்கங்களுக்கானது. 40இல் "குண்டுச் சிதறல், இடது தொடை" என்று தேதியோடு இருந்து, 41இல் பர்ப்பிள் ஹார்ட் இல்லாமல் இருந்தால், உங்கள் வாதத்துக்கு அடித்தளம் கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விடுவிப்புத் தாளில் 34ஆம் கட்டத்தில் போர்க்காயம் பற்றி எழுதியிருப்பார்கள். அங்கே "இல்லை" என்று இருந்தால் அதை மறைக்காதீர்கள். ஏன் தவறு என்று விளக்குங்கள்.

அப்புறம் படைப்பிரிவின் தாள்கள். ஒவ்வொரு கம்பெனியும் அந்தக் காலத்தில் தினமும் காலை அறிக்கை எழுதியது; யார் மருத்துவமனைக்குப் போனார், யார் திரும்பினார் என்று அதில் பெயரோடு இருக்கும். படையணியின் தினசரி நாட்குறிப்பில் தாக்குதல் நடந்த நேரம் இருக்கும். கடற்படை என்றால் கப்பலின் நாட்பதிவு. இவற்றில் பல மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையில் கிடைக்கின்றன. வியட்நாம் வீரர் என்றால் தரைப்படையின் வியட்நாம் காயம்பட்டோர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே முதலில் பாருங்கள். வாரியம் எப்படியும் பார்க்கும்.

வீட்டில் இருப்பதையும் கிளறுங்கள். காயம்பட்ட செய்தி சொன்ன தந்தி, மருத்துவமனையிலிருந்து தபால் முத்திரையோடு வந்த கடிதம், உள்ளூர்ப் பத்திரிகைத் துணுக்கு. இவை தனியாக நிற்காது. ஆனால் ராணுவத் தாள் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்குப் பலம் சேர்க்கும்.

உடன் இருந்தவர்களின் சத்திய வாக்குமூலமும் தேவை. குறைந்தது இருவரிடம் வாங்குங்கள். "பின்னால் கேள்விப்பட்டேன்" என்பது பயன்படாது. நான் எங்கே நின்றேன், என்ன பார்த்தேன், அவருக்கு எங்கே அடிபட்டது, யார் கட்டுப்போட்டது என்று அவரவர் சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும். இரண்டு வாக்குமூலமும் ஒரே வாசகத்தில் இருந்தால் படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். வயதான நண்பர்கள் என்றால் இந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

படி 5: வாரியத்துக்கு முன் ஒரு கதவு

நேராகத் திருத்த வாரியத்துக்கு ஓடாதீர்கள். படையே சரிசெய்யக்கூடியதை முதலில் அங்கேதான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வாரியம் மனுவைத் திருப்பி அனுப்பிவிடும். தரைப்படைக்கு கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளப் பிரிவின் பதக்க அலுவலகம், மரைன்களுக்கு வர்ஜீனியாவின் குவாண்டிகோ. எழுத்துப் பிழை வகை என்றால் இங்கேயே வேலை முடிந்து, டிடி-215 என்ற திருத்தத் தாள் வந்துவிடும். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த படிக்கு அதுதான் நுழைவுச் சீட்டு.

முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் போய்ப் பதிவைத் திருத்தச் சொல்லாதீர்கள். அவர்கள் ஊனமுற்றோர் உதவித்தொகை தருவார்கள். படைப் பதிவைத் தொடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அந்தத் தொகைக்காக உங்கள் காயத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தாலும் பதக்கத்துக்கு அது மட்டும் போதாது.

படி 6: டிடி படிவம் 149

இதுதான் திருத்த வாரியத்துக்கான மனு. கட்டணம் இல்லை. தரைப்படைக்கு ஒரு வாரியம், கடற்படைக்கும் மரைன்களுக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கும் விண்வெளிப்படைக்கும் ஒன்று, கடலோரக் காவல்படைக்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் ஒன்று. டிடி-293 என்ற படிவத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது விடுவிப்பின் தரத்தை (நன்மதிப்போடு விடுவித்தார்களா இல்லையா என்பதை) மாற்றக் கேட்பதற்கு.

பிழையைக் கண்டுபிடித்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. ஐம்பது ஆண்டு ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், நீதியின் பொருட்டு வாரியம் அதைத் தளர்த்தலாம். படிவத்தில் அதற்கென்று இடம் இருக்கிறது, வெறுமையாக விடாதீர்கள். "கோப்பின் நகல் இப்போதுதான் கிடைத்தது" என்பது நேர்மையான காரணமாக இருந்தால் அதையே எழுதுங்கள்.

பலர் கோட்டை விடுவது விளக்கப் பகுதியில். "நாட்டுக்காக ரத்தம் சிந்தினேன், யாரும் கண்டுகொள்ளவில்லை" என்று எழுதினால் படிப்பவர் வருந்துவார், ஆனால் கையெழுத்துப் போட அவருக்கு எதுவும் கிடைக்காது. ஆங்கிலத்தில் எழுதும்போது உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும் (தேதியும் நேரமும் கற்பனை):

"என் டிடி-214இன் 24ஆம் கட்டத்தில் பர்ப்பிள் ஹார்ட் சேர்க்கக் கோருகிறேன். 1968 மே 9 அன்று எதிரியின் மோர்ட்டார் தாக்குதலில் இடது தொடையில் சிதறல் பாய்ந்தது. இணைப்பு 1: டிஏ படிவம் 20, 40ஆம் கட்டம், அதே தேதி. இணைப்பு 2: அன்றைய மருத்துவக் குறிப்பு, உலோகத் துண்டை அகற்றித் தையல் போட்டது. இணைப்பு 3: படையணி நாட்குறிப்பு, அதிகாலை 2.10 மணிக்கு முகாமில் மோர்ட்டார் குண்டுகள் விழுந்தது. இணைப்பு 4, 5: உடனிருந்த இருவரின் வாக்குமூலம்."

மூன்று கண்ணியும் சில வரியில் வந்துவிட்டன பாருங்கள். பதிவு சரியாகத்தான் இருக்கும் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்கும். தவறு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. தேடிப் பிடித்துத் தருவது அவர்கள் வேலை இல்லை. நகல்களை மட்டும் அனுப்புங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

வாரியங்களின் பழைய தீர்ப்புகள், பெயர் நீக்கப்பட்டு, பாதுகாப்புத் துறையின் இணைய வாசிப்பறையில் கிடைக்கின்றன. உங்கள் போர், உங்கள் காயம் மாதிரியான நாலைந்து தீர்ப்புகளைப் படியுங்கள். எந்தத் தாளைப் பார்த்து ஏற்றார்கள், எது இல்லாததால் மறுத்தார்கள் என்று வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். வழக்கறிஞர் ஆலோசனையைவிட இது சில சமயம் உதவும் என்பது என் கருத்து. துணைக்கு ஆள் வேண்டுமானால் மிலிட்டரி ஆர்டர் ஆஃப் தி பர்ப்பிள் ஹார்ட், அமெரிக்கன் லீஜியன் போன்ற சங்கங்களில் கேட்டுப் பாருங்கள்.

படி 7: காத்திருப்பு, மறுப்பு, மறுபடியும்

பத்தில் ஒன்பது மனுக்களைப் பத்து மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். இடையில் படையின் ஏதாவது ஓர் அலுவலகம் எழுதிய ஆலோசனைக் கருத்து உங்களுக்கு வரலாம். அது எதிராக இருந்தால் கெடுவுக்குள் பதில் எழுதுங்கள், பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

மறுத்துவிட்டார்களா? சரி, தீர்ப்பில் எந்தக் கண்ணி அறுந்தது என்று பாருங்கள். முன்பு காட்டாத புதிய சான்று ஏதாவது கிடைத்தால், எத்தனை ஆண்டு கழித்தானாலும் மறுபரிசீலனை கேட்கலாம், வாரியம் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய தாள்களையே மறுபடி அனுப்பினால் பயனில்லை.

ஏற்றுக்கொண்டால் டிடி-215 வரும். அதை டிடி-214ஓடு சேர்த்து வையுங்கள், ஒரு நகலை நலத்துறைக்கு அனுப்புங்கள். பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர் அவர்களின் மருத்துவச் சேர்க்கையில் குறைந்தது 3ஆம் முன்னுரிமைக் குழுவுக்கு வருவார். 2001 செப்டம்பர் 11க்குப் பின் பணியாற்றி, அந்தக் காலத்தில் பர்ப்பிள் ஹார்ட் பெற்று, நன்மதிப்போடு விடுவிக்கப்பட்டவருக்குக் கல்வி உதவி முழு விகிதத்தில் கிடைக்கும். இந்தத் தாள்களைக் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) அலுவலகத்தில் பதிந்துவைக்க நினைத்தால், அங்கே அவை பொது ஆவணமாகுமா என்று முதலில் கேளுங்கள். பழைய தாள்களில் சமூகப் பாதுகாப்பு எண் முழுதாக அச்சாகியிருக்கும்.