ராமில் இருந்து ஜிபியூவுக்குத் தரவு போகும் வேகத்தை அளப்பது எப்படி?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் பாவித்த ஜிபியூ (பெரிய கணக்குகளை வேகமாகப் போடும் கார்ட்) வாங்கிப் பழைய கணினியில் பூட்டுகிற பெடியள் கூடிவிட்டார்கள். கார்ட் வேகமாகக் கணக்குப் போடும். ஆனால் ராமில் இருந்து தரவு வந்து சேரும்வரை சும்மா காத்திருக்கும். அந்தப் போக்குவரத்து வேகத்தைத்தான் அளக்கப் போகிறோம். லினக்ஸ், டிரைவர், பைடார்ச் (ஜிபியூவில் கணக்குப் போட உதவும் பைதன் நூலகம்) எல்லாம் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ (nvidia-smi) கட்டளையை ‘-கியூ’ (-q) போட்டு ஓடவிடுங்கள். பிசிஐ-இ (கார்டை மதர்போர்ட்டோடு இணைக்கும் வழி) தலைமுறையும் லேன் (அந்த வழியில் உள்ள தடங்கள்) எண்ணிக்கையும் வரும். மூன்றாம் தலைமுறை, 16 லேன் என்றால் ஒரு திசையில் ஏட்டளவு செக்கனுக்கு 15.75 ஜிபி, கைக்கு வருவது 12, 13 மட்டில். நீளமான ஸ்லொட் எல்லாம் 16 லேன் அல்ல. பல மதர்போர்ட்டுகளில் இரண்டாவது நீள ஸ்லொட்டுக்கு 4 லேன்தான்.

அடுத்தது, ராமில் 256 எம்பி டென்சர் (எண்களின் அடுக்கு) ஒன்று, ஜிபியூவில் அதே அளவில் இன்னொன்று. முதல் சில கொப்பிகளைக் கணக்கில் எடுக்காமல், அதன்பின் 20 தரம் கொப்பி செய்து, மொத்த அளவை மொத்த நேரத்தால் வகுங்கள். சில கேபியை அனுப்பி அளக்க வேண்டாம். தொடங்குகிற செலவே நேரத்தைத் தின்றுவிடும்.

நான் நன்றாக மினக்கெட்ட இடம் இனித்தான் வருகிறது. சாதாரண ராம் பக்கங்களை இயங்குதளம் எப்போதும் இடம் மாற்றலாம். அதனால் கார்ட் அவற்றை நேரே தொடாது. டிரைவர், இடம் மாறாமல் பூட்டிய தன்னுடைய ராம் பகுதிக்கு முதலில் கொப்பி செய்து, அங்கிருந்துதான் அனுப்பும். வயலில் லொறி நிற்க, நெல் மூட்டையை முற்றத்தில் இறக்கி மறுபடி ஏற்றுகிற வேலை. டென்சரை உருவாக்கும்போதே பின்_மெமரியை (pin_memory) ட்ரூ (True) ஆக்கிவிட்டால், டென்சரே பூட்டிய ராமில் இருக்கும், இந்த இரட்டை வேலை இல்லை. இரண்டு விதமாகவும் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சரி, அதோடு நொன்_புளொக்கிங்கும் (non_blocking) போட்டால், கொப்பி முடியமுன்னரே நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும். கடிகாரத்தை நிறுத்தமுன் சிங்க்ரனைஸ் (torch.cuda.synchronize(), கொப்பி முடியும்வரை காத்திருக்கும் கட்டளை) கட்டாயம். செக்கனுக்கு 500 ஜிபி வருகிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்த வரியை விட்டவர்கள்தான்.

என்விடியாவின் என்விபாண்ட்வித் (nvbandwidth) இந்த வேகத்தை அளக்க நல்ல கருவி. ஆனாலும் எனக்குச் சொந்த ஸ்கிரிப்ட்தான் பிடிக்கும். என் நிரல் எப்படி அனுப்புகிறதோ அதையே அளக்கலாம்.

பின்சேர்க்கை: “எனக்கு முதலாம் தலைமுறை என்று காட்டுதே அண்ணா” என்று கேட்டிருந்தீர்கள். சும்மா இருக்கும் கார்ட் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இணைப்பைக் கீழே இறக்கிவிடும். கொப்பி ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் பாருங்கள். அப்போதும் லேன் குறைவாகவே நின்றால், ஸ்லொட் எத்தனை லேன் என்று மதர்போர்ட் புத்தகத்தில் பாருங்கள். அது சரியென்றால் கணினியை நிறுத்தி, கார்டைக் கழற்றி, தொடுப்புகளைத் துடைத்துச் செருகுங்கள். எங்கள் புழுதிக்கு அதுவே பலதரம் போதும்.